கஜா புயலும் கடைசித் தெருவும்: ஒரு குக்கிராமத்துல நிவாரணம் எப்படி போச்சு, எங்க நின்னுச்சு

2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. அதுக்கப்புறம் வேதாரண்யம் தாலுகாவுல ஒரே ஒரு குக்கிராமத்துல எங்க குழு ஆறு வாரம் வேலை பாத்தோம். நிவாரணப் பொருள் கொண்டு போறவங்களுக்கு உதவட்டும்னுதான் நடந்ததை நடந்தபடி எழுதுறேன். ஊர் பேரையும் ஆளுங்க பேரையும் போடல, அவங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கோம்.

பின்னணி

மெயின் ரோட்டுலேருந்து நாலு கிலோமீட்டர் உள்ள தள்ளி இருக்கற ஊர். மொத்தம் 112 வீடு, சுமாரா 450 பேர். முன்னாடி ஊர்த்தெரு, பின்னாடி வாய்க்காலைத் தாண்டி காலனித் தெரு, அதுல 42 வீடு, எல்லாமே கூரை வீடுதான், நாலஞ்சு தொகுப்பு வீடு மட்டும் காங்கிரீட். ஊர்த்தெருவுல பாதிப்பேருக்கு தென்னந்தோப்பு இருக்கு. காலனியில யாருக்கும் தோப்பு கிடையாது, ஆனா அந்தத் தோப்பை நம்பித்தான் அவங்க பிழைப்பும், ஆம்பளைங்க தேங்காய் வெட்டப் போவாங்க, மட்டை உரிக்கப் போவாங்க, பொம்பளைங்க கீத்து பின்னுவாங்க, வேலை இல்லாத மாசத்துல உப்பளத்துக்குப் போவாங்க.

தண்ணி விஷயத்தை இங்கயே சொல்லிடறேன், பின்னாடி அதுதான் பெரிய பிரச்சனை ஆச்சு. அந்தப் பக்கம் நிலத்தடித் தண்ணி உப்பு. போர் தண்ணி குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. குடிக்க சமைக்க எல்லாம் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர், அது ரொம்ப தூரத்துலேருந்து பம்ப் பண்ணி பம்ப் பண்ணி வரணும், நடுவுல ஒரு இடத்துல கரண்ட் போனாலும் இங்க குழாய் காஞ்சிடும்.

நாங்க திருச்சிப் பக்கம், பதினோரு பேர். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல சாப்பாடு கொடுக்கப் போனப்ப பழக்கம் ஆனவங்க. அந்த ஒரு அனுபவம்தான் எங்க கையில இருந்துச்சு, அதை அப்படியே டெல்டாவுக்கும் தூக்கிட்டுப் போனோம்.

புயலுக்கு முன்னாடி

இந்தப் பகுதி நல்லா நடந்த பகுதி, அதை முதல்ல சொல்லியே ஆகணும். புயல் உருவான நாள்லேருந்தே எச்சரிக்கை வந்துக்கிட்டே இருந்துச்சு, கரையைக் கடக்கற இடமும் நேரமும்தான் மாறிக்கிட்டே போச்சு. புயல் கரையைக் கடக்கற சமயத்துல கடலோர மாவட்டங்கள்ல சேர்த்து சுமார் 80,000 பேரை முகாமுக்கு மாத்தியிருந்தாங்க. இந்த ஊர்லயும் வி.ஏ.ஓ., தலையாரி, ஊராட்சி ஆளுங்க வீடு வீடா வந்து கூப்பிட்டிருக்காங்க, கர்ப்பிணி ரெண்டு பேரை முந்தின நாளே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்காங்க. அந்தப் பக்கம் பெரியவங்களுக்கு 1977 புயல் இன்னும் ஞாபகம் இருக்கு, 2004 சுனாமி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, அதனால கூப்பிட்டதும் கிளம்பிட்டாங்க. ஸ்கூல் கட்டடத்துல கிட்டத்தட்ட முன்னூறு பேர் தங்கியிருந்தாங்க.

ஊர்ல ஒரு உயிர் கூட போகல. கூரை வீடு ஒண்ணு கூட நிக்காத ஊர்ல இது சின்ன விஷயம் இல்ல. ஒடிசாவுல 1999 சூப்பர் புயல்ல சுமார் 10,000 பேர் செத்தாங்க, 2013-ல ஃபைலின் புயல் வந்தப்ப லட்சக்கணக்கான ஜனங்களை முன்கூட்டியே நகர்த்தினதால சாவு ரெண்டு இலக்கத்தோட நின்னுச்சு. அதே வழிதான் இங்கயும் உயிரைக் காப்பாத்துச்சு.

ஆனா தயாரிப்பு அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும்தான் இருந்துச்சு. மறுநாள் காலையில முகாம்ல அரிசி இருந்துச்சு, விறகு நனைஞ்சு போச்சு. டேங்க்ல தண்ணி இருந்துச்சு, அதை முந்தின ராத்திரியே ரொப்பி வெச்சதுக்கு டேங்க் ஆப்பரேட்டருக்கு நன்றி சொல்லணும், ஆனா மோட்டாருக்கு ஜெனரேட்டர்னு ஒண்ணு யார் யோசனையிலும் இல்ல.

அந்த ராத்திரி

காத்து முதல்ல வடக்கேருந்து அடிச்சிருக்கு, ரெண்டு மணி வாக்குல திடீர்னு அடங்கிடுச்சு, முடிஞ்சுதுன்னு நினைச்சு ரெண்டு பேர் மாட்டை அவுத்து விட வெளில ஓடியிருக்காங்க, கொஞ்ச நேரத்துல தெற்கேருந்து திருப்பி அடிச்சிருக்கு. புயலோட கண்ணு தலைக்கு மேல போனா அப்படித்தான் ஆகும். ஒருத்தருக்கு ஓடு பறந்து வந்து தோள்ல வெட்டு, இன்னொருத்தருக்கு கால் எலும்பு முறிஞ்சுது. எச்சரிக்கை கொடுக்கும்போது இந்த இடைவெளியைப் பத்தி யாரும் அவங்ககிட்ட சொல்லல. இப்ப நாங்க எங்க போனாலும் முதல்ல இதைச் சொல்றோம்.

முதல் லோடு, எங்க முதல் தப்பு

நாங்க ஊருக்குள்ள போனது 19-ஆம் தேதி மத்தியானம், மூணு நாள் கழிச்சு. ஒரு மினி லாரி, ஒரு வேன். அரிசி, பருப்பு, பிஸ்கட், பிரெட், மெழுகுவத்தி, கொசுவத்தி, போர்வை, 20 லிட்டர் கேன் தண்ணி 60, அப்புறம் பதினேழு மூட்டை பழைய துணி.

மெயின் ரோட்டுல ரெண்டு இடத்துல மரத்தைப் போட்டு வண்டியை நிறுத்தினாங்க. இதை வழிப்பறின்னு அப்ப வாட்ஸ்அப்ல நிறைய பேர் எழுதினாங்க, நான் அங்க நின்னு பாத்தவன், அது வழிப்பறி இல்ல. காலிக் குடத்தோட பொம்பளைங்க நின்னாங்க, மூணு நாளா லாரி லாரியா கண்ணு முன்னாடி போகுது, அவங்க ஊர்ல ஒண்ணும் இறங்கல. பன்னிரண்டு கேனும் பாதி பிஸ்கட்டும் அங்க இறக்கினோம். மிச்சம் 48 கேன். 960 லிட்டர். 450 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ரெண்டு லிட்டர் சொச்சம், ஒரு நாளைக்கு. பேரிடர் நேரத்துல குடிக்க, சமைக்க, கழுவ எல்லாத்துக்கும் சேர்த்து ஆளுக்கு குறைஞ்சது 15 லிட்டர் வேணும்னு உலக அளவுல நிவாரண அமைப்புகள் வெச்சிருக்கற அளவு, அப்படிப் பாத்தா இந்த ஊருக்கு தினம் 6,750 லிட்டர். இந்தக் கணக்கை நாங்க லாரி ஏத்தறதுக்கு முன்னாடி போட்டிருக்கணும், திரும்பி வந்து ராத்திரி உக்காந்துதான் போட்டோம்.

ஊர்ல பொருளை எங்க வெச்சுக் கொடுக்கறதுன்னு கேட்டப்ப பெரியவங்க கோயில் வாசலைக் காட்டினாங்க. நல்ல இடம், சிமெண்ட் தரை, மேல ஷெட்டு பறந்து போனாலும் சுத்தி மதில் இருக்கு. அங்கயே வரிசை போட்டோம். ரெண்டு மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சுது, சத்தம் சண்டை எதுவும் இல்ல, எல்லாரும் கும்பிட்டாங்க, நாங்களும் ரொம்ப நல்லா நடந்துதுன்னு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு கிளம்பிட்டோம்.

மறுநாள் ரெண்டாவது லோடோட வந்தப்ப வாய்க்கால் பாலத்துக்கிட்ட ஒரு அக்கா கையைக் காட்டி வண்டியை நிறுத்துனாங்க. மகளிர் குழுவுல கணக்கு எழுதறவங்க. "தம்பி, நேத்து வந்தவங்க நீங்கதானா? எங்க தெருவுக்கு எப்ப வருவீங்க?"ன்னு கேட்டாங்க, கோவமே இல்லாம கேட்டாங்க. கோயில் வாசலுக்கு காலனியிலேருந்து ஒருத்தரும் வரல. வரக்கூடாதுன்னு அன்னைக்கு யாரும் சொல்லல, சொல்லவே தேவையில்லாத மாதிரி ஏற்கெனவே ஆகிப்போன இடம் அது. நாங்க அதைக் கேக்கவே இல்ல. 42 வீடு, நாலாவது நாள், அதுவரைக்கும் அவங்க கைக்கு வந்தது முகாம்ல போட்ட சாப்பாடு மட்டும்தான்.

பழைய துணி மூட்டையையும் பாலத்துக்கிட்டயே பாத்தேன், பிரிச்சு ஓரமா கிடந்துச்சு, மழையில ஊறிப்போய். ஜீன்ஸ் பேண்ட், ஒரு கோட்டு, கிழிஞ்ச சட்டை. சுனாமி சமயத்துலயும் இதே நாகப்பட்டினத்துல ரோட்டோரம் இப்படித்தான் துணி குவிஞ்சு கிடந்துச்சு. எல்லாத்தையும் இழந்தவங்களுக்கு நாம கழிச்சுப் போட்டதைக் கொண்டுபோய்க் கொடுக்கறது எவ்வளவு பெரிய அவமானம்னு அந்தக் கோட்டைப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சுது. அவங்க கேட்டது நைட்டி, பாவாடை, உள்ளாடை, நாப்கின், குழந்தைங்களுக்கு ஸ்வெட்டர் இல்லன்னாலும் ஒரு துண்டு.

நோட்டு

அன்னைக்கு ஒரு முடிவு எடுத்தோம், லிஸ்ட் இல்லாம இனிமே ஒரு பொருளும் இறக்கறதில்ல. எங்க ஆளுங்கள்ல ரெண்டு பேர் எதிர்த்தாங்க, ஜனங்க பசியில இருக்கும்போது நோட்டைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா போறதான்னு. அவங்க கேட்டதும் நியாயம்தான். அதனால அன்னைக்கு வந்த ரெண்டாவது லோடை நேரா காலனிக்குள்ள கொண்டுபோய் எல்லாத்தையும் கொடுத்துட்டு, அப்புறம் லிஸ்ட்டை ஆரம்பிச்சோம்.

எழுதினது நாங்க இல்ல. அந்த அக்காவும், ஊர்த்தெரு மகளிர் குழுவுலேருந்து ரெண்டு பேரும், சேர்ந்து. மகளிர் குழு சேமிப்பு நோட்டு ஒண்ணு நனையாம இருந்துச்சு, அதோட பின்பக்கத்துல கோடு போட்டு எழுதினாங்க. வீட்டுக்கு ஒரு வரி: எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி, தனியா இருக்கற வயசானவங்க, சுகர் மாத்திரை பிரஷர் மாத்திரை யாருக்கு, கூரை முழுசா போச்சா பாதியா, ரேஷன் கார்டு கையில இருக்கா. ஒரு நாள்கூட ஆகல, மத்தியானத்துக்குள்ள 112 வீடும் முடிஞ்சுது. நாங்க போயிருந்தா மூணு நாள் ஆகியிருக்கும், அதுவும் பாதி தப்பா இருந்திருக்கும். ஒரு வீட்டுல ரெண்டு அடுப்பு இருக்குன்னு, ஒரு ஆயா மக வீட்டுல படுத்தாலும் தனியாத்தான் பொங்கித் திங்குதுன்னு, வெளியூர்லேருந்து வந்த எங்களுக்கு எப்படித் தெரியும்.

ரெண்டு தெருவுக்கும் பொதுவா இருந்த அங்கன்வாடி வாசலை கொடுக்கற இடமா மாத்தினோம். ஊர்த்தெருவுல சிலருக்கு வருத்தம், ஒருத்தர் வந்து "கோயில்ல கொடுத்தா என்ன குறை?"ன்னு கேட்டாரு. அங்க எல்லாரும் வர முடியலங்கன்னு நேராவே சொன்னோம். ஒண்ணும் பேசாம போயிட்டாரு. மறுநாள் அவர் பையனே மூட்டை இறக்க வந்தான்.

தண்ணி

22-ஆம் தேதி 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒண்ணு வாடகைக்குப் பிடிச்சு குட்டி யானையில ஏத்திக்கிட்டு வந்தோம். வாடகை அந்த வாரத்துல ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருந்துச்சு. ஜெனரேட்டர் வந்துட்டா தண்ணி வந்துடும்னு நினைச்சோம், மோட்டாரும் ஓடுச்சு, டேங்க்கும் ரொம்புச்சு, ஊர்த்தெருவுல எல்லாக் குழாயிலும் தண்ணி, காலனியில சொட்டு இல்ல.

டேங்க் ஆப்பரேட்டர் அறுபது வயசு பெரியவர். வால்வு திறக்கற டி மாதிரி கம்பியைத் தோள்ல சாத்திக்கிட்டு எங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் கோயில் பின்னாடி மண்ணைத் தள்ளிக் காட்டினாரு. "தம்பி, இந்த வால்வை முக்கால்வாசி மூடினாத்தான் கடைசித் தெருவுக்கு ஏறும். கரண்ட் இருக்கயில காலையில ரெண்டு மணி நேரம் மூடி வெப்பேன், இப்ப மூடினா இவங்க சண்டைக்கு வருவாங்க." புயலுக்கு முன்னாடி தினம் அவர் தன் கையால சரிபண்ணிக்கிட்டு இருந்த விஷயம் இது, எந்த ரெக்கார்டுலயும் இல்ல. காலையில ஆறுலேருந்து எட்டு காலனிக்கு, எட்டுலேருந்து பத்து ஊர்த்தெருவுக்குன்னு நோட்டுல எழுதி, ரெண்டு மகளிர் குழுவும் கையெழுத்துப் போட்டு, அங்கன்வாடி சுவத்துல ஒட்டினோம். ஒருநாள் நானே வால்வு திருப்பிப் பாத்தேன், அந்தக் கம்பி அவ்வளவு கனம், பதினாலு சுத்து சுத்தணும், பெரியவர் தினம் நாலு தடவை அதைப் பண்ணிக்கிட்டு இருந்தாரு.

டேங்க்ல ஏறினது போர்லேருந்து வந்த உப்புத் தண்ணி, புழங்க மட்டும். குடிக்கறதுக்கு அரசு டேங்கர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்துச்சு, வராத நாளுக்கு நாங்க ஒரு டேங்கர் ஏற்பாடு பண்ணினோம், குளோரின் போட்டுக் குடிங்கன்னு அங்கன்வாடி டீச்சரே சொல்லிக் கொடுத்தாங்க. ஜெனரேட்டர் ஓடற நாலு மணி நேரத்துல ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு செல்ஃபோன் சார்ஜும் போட விட்டோம். இதுக்கு வந்த கூட்டம் எங்களுக்கு ஆச்சரியம், வெளில அப்ப ஒரு சார்ஜுக்குக் காசு வாங்கிக்கிட்டு இருந்தாங்க. திருப்பூர்ல வேலை பாக்கற மகன்கிட்ட ஆறு நாள் கழிச்சு பேசின அம்மா ஒருத்தங்க ஃபோனைக் கீழ வைக்கவே இல்ல.

படுதாவா, கீத்தா

அந்த வாரமே மறுபடி மழை. எல்லாரும் கேட்டது ஒண்ணே ஒண்ணு, படுதா. முதல்ல வாங்கினது மெல்லிசு ரகம், மஞ்சக் கலர், விலை கம்மின்னு எழுபது வாங்கிட்டோம், கயிறும் வாங்கல. பத்தே நாள்ல காத்துல ஓரம் ஓரமா கிழிஞ்சுது. அடுத்தது கனமான ரகம், ஓரத்துல வளையம் போட்டது, கூடவே வீட்டுக்கு ஒரு கட்டு நைலான் கயிறு. விலை கிட்டத்தட்ட மூணு மடங்கு, அதனால நோட்டைப் பாத்து கூரை முழுசா போன வீடு, அதுல கைக்குழந்தை இருக்கற வீடுன்னு வரிசையா கொடுத்தோம்.

அப்பதான் அந்த அக்கா ஒரு விஷயம் சொன்னாங்க. தோப்பு முழுக்க மரம் சாஞ்சு கிடக்கு, மட்டை இன்னும் பச்சையா இருக்கு, இன்னும் ரெண்டு வாரம் போனா காஞ்சு ஒடிஞ்சிடும், இப்ப ஊறப்போட்டு பின்னினா ஊருக்கே கூரை போடலாம், இதுக்கப்புறம் நாலஞ்சு வருஷத்துக்கு இந்தப் பக்கம் கீத்தே கிடைக்காது. எங்களுக்கு இது தோணவே இல்ல. மூணாவது படுதா லோடை நிறுத்திட்டு அந்தக் காசைக் கூலியா மாத்தினோம். தோப்புக்காரங்க மட்டையைச் சும்மா எடுத்துக்கச் சொன்னாங்க, அவங்களுக்கும் இடம் காலியாகணும். ஊர்க் குளத்துல மட்டையை ஊறப்போட்டு, ரெண்டு தெருப் பொம்பளைங்களும் பின்னினாங்க, ஒரு கீத்துக்கு இவ்வளவுன்னு கூலி, பின்னின கீத்து நோட்டு வரிசைப்படி வீடுகளுக்கு. ஒரு சின்னக் கூரைக்கே முன்னூறு நானூறு கீத்து பிடிக்கும். டிசம்பர் நடுவுக்குள்ள 58 வீட்டுக்கு கூரை ஏறுச்சு. பசங்க படுத்துத் தூங்க ஒரு இடம் ஆச்சுங்கறது ஒருபக்கம், வேலை இல்லாம உக்காந்திருந்தவங்க கையில நாலு வாரம் கூலி வந்துச்சுங்கறது அதைவிடப் பெரிசு.

அரசு நிவாரணம்

அரசு நிவாரணம் தாமதமானாலும் வந்துச்சு, அரிசியும் மத்த பொருளும் சேர்ந்த தொகுப்பு, குடிசைக்குப் பணம். ரேஷன் கார்டு பறிபோனவங்க பதினாறு பேர் இருந்தாங்க, நோட்டுல எழுதி வெச்சிருந்ததால வி.ஏ.ஓ.கிட்ட ஒரே மனுவா கொடுக்க முடிஞ்சுது, பதினாலு பேருக்குக் கிடைச்சுது.

தென்னைக்கு அரசு அறிவிச்சது மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. தோப்பு வெச்சிருந்தவங்களுக்கே அது பத்தாது, நெட்டை ரகம் வெச்சா காய்க்கவே ஆறேழு வருஷம் ஆகும், முப்பது வருஷ மரம் போனவங்களோட கண்ணுல கண்ணீரே வரல, வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஆனா அந்தக் காசு பட்டா இருக்கறவங்களுக்கு. அதே மரத்துல ஏறினவங்க, மட்டை உரிச்சவங்க, கீத்து பின்னினவங்க, அவங்களுக்கு மரம் போனதுக்குன்னு எந்தக் கணக்குலயும் ஒரு பைசா இல்ல. எங்க ஆறு வாரத்துல எங்களால சரிபண்ண முடியாத விஷயம் இதுதான். 2019 தை முடியறதுக்குள்ள காலனியிலேருந்து ஒன்பது குடும்பம் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கிளம்பிட்டாங்க.

ஊருக்கு கரண்ட் வந்தது 38-வது நாள். வெளி மாநிலத்துலேருந்து எல்லாம் மின்வாரிய ஆளுங்க வந்து இடுப்பளவு சேத்துல கம்பம் நட்டுக்கிட்டு இருந்தாங்க, கம்பத்தைத் தோள்ல தூக்கிக்கிட்டு வயலுக்குள்ள நடந்தவங்களுக்கு ஊர் ஜனங்களே சோறு பொங்கிப் போட்டாங்க.

எதை மாத்துவோம், எதை மாத்தியிருக்கோம்

முதல் லோடை ஏத்தறதுக்கு முன்னாடி ஊர்லேருந்து ஒருத்தர்கிட்டயாவது பேசுவோம், அதுவும் கடைசித் தெருவுலேருந்து. டவர் இல்லன்னா ஒரு பைக் முன்னாடி போகும், லாரி அப்புறம். பழைய துணி வாங்கறதை முழுசா நிறுத்திட்டோம், கொடுக்க வர்றவங்களுக்கு வருத்தமா இருந்தாலும் பரவாயில்ல. வழியில இருக்கற ஊருக்குன்னு லோடுல ஒரு பங்கு தனியா ஏத்துறோம், அவங்களும் பாதிக்கப்பட்டவங்கதானே. எந்த ஊர்லயும் கொடுக்கற இடம் எல்லாரும் கால் வைக்கற இடமான்னு விசாரிக்காம வரிசை போடறதில்ல.

நோட்டை புயலுக்கு அப்புறம் எழுதினது எங்க தப்பு இல்ல, ஆனா முன்னாடியே எழுதியிருந்தா நாலு நாள் மிச்சம். அதனால போகும்போது நோட்டை அக்காகிட்டயே விட்டுட்டு வந்தோம், வருஷா வருஷம் புரட்டாசி முடியறதுக்குள்ள சரிபாக்கறதுன்னு பேச்சு. 2020 நவம்பர்ல நிவர் புயல் எச்சரிக்கை வந்தப்ப அக்கா ஃபோன் பண்ணாங்க, நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே. "தம்பி, ரெண்டு பேர் மாசமா இருக்காங்க, தனியா இருக்கற ஆயா மூணு பேர், எல்லாரையும் மத்தியானமே ஸ்கூலுக்குக் கொண்டு வந்துட்டோம், விறகை படுதா போட்டு மூடியாச்சு." நிவர் வடக்கே தள்ளி புதுச்சேரிப் பக்கம் கரை ஏறிடுச்சு, இந்த ஊருக்கு மழையோட போச்சு.

ஜெனரேட்டரை நேரா மாட்டற மாதிரி டேங்க் மோட்டார் ரூம்ல ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைக்கணும்னு ஊராட்சியில ரெண்டு தடவை மனு கொடுத்தோம். எலெக்ட்ரீஷியன் வந்து அளவு எடுத்துக்கிட்டுப் போனாரு, சுவிட்ச் இன்னும் வரல. பெரியவர் இப்ப வேலையிலேருந்து நின்னுட்டாரு. எந்த வால்வை எத்தனை சுத்து மூடணும்ங்கறது நோட்டோட கடைசிப் பக்கத்துல அவர் சொல்லச் சொல்ல அக்கா எழுதி வெச்சிருக்காங்க.